முதலில் சொன்ன எண்

ஒரு லட்சத்து இருபத்து நான்காயிரம் டாலர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரில் கரீன் வாஸ்கோ போன மார்ச் வரை வாங்கிய ஆண்டுச் சம்பளம். இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பொத்தான், படிவம், பட்டியல் எல்லாவற்றையும் உருவாக்குவது அவர் வேலை. வயது நாற்பத்து மூன்று.

மார்ச்சில் ஆட்குறைப்பு. அனுப்பும்போது நிறுவனம் நீட்டித்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு நவம்பர் முப்பதோடு முடிகிறது. கணவர் டெஸ்மண்ட் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி போட்டால்தான் விரல் மடங்கும். காப்பீடு இல்லையென்றால் ஓர் ஊசி மூவாயிரம் டாலர்.

கரீன் முந்நூற்றுப் பன்னிரண்டு வேலைகளுக்கு விண்ணப்பித்தார். முதல் நூறு விளம்பரங்களை வரி வரியாகப் படித்தார். பிறகு படிப்பதை விட்டுவிட்டு வெறுமனே அனுப்பிக்கொண்டிருந்தார்.

நவம்பர் பதினெட்டில், நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் கேரட் என்பவர் அழைத்தார். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எண்ணை முதலில் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கரீனுக்கும் தெரியும்.

"எழுபதாயிரம் போதும்."



"கரீன், விளம்பரத்தப் பாத்தீங்களா? கொலராடோ சட்டப்படி சம்பளம் போடாம விளம்பரமே பண்ண முடியாது. தொண்ணூத்தஞ்சுலருந்து நூத்திருபதாயிரம்னு போட்டிருக்கோம். பதினாறு வருஷ அனுபவம்னு எழுதிட்டு எழுபது கேட்டா, ஏதோ ஒண்ணு பொய்னுதான் நெனைப்பாங்க."

கரீன் தொண்ணூற்றைந்து என்று திருத்தினார். பிறகு நூற்றுப் பத்து என்றார். ஒவ்வொரு திருத்தமும் காரியத்தை இன்னும் கெடுத்தது. கடைசியில் கேரட், வேறொரு இடம் இருக்கிறது, ஆறு மாத ஒப்பந்தம், மணிக்கு முப்பத்து நான்கு டாலர், காப்பீடு கிடையாது என்றார். வருஷக் கணக்குப் போட்டால் கரீன் கேட்ட எழுபதுதான்.

வீட்டில் டெஸ்மண்ட் எல்லாவற்றையும் கேட்டார். "ஒரு பியானோவுக்கு வெல சொல்றதுக்கே நான் நாலு தடவ இருமுவேன். நீ தண்ணிகூடக் குடிக்காம சொல்லிட்டியா?"

கரீன் சிரிக்கவில்லை. "ஊசிக்கு என்ன பண்றது, டெஸ்?"

"ஃபிரிட்ஜுல ரெண்டு இருக்கு. நீ மொதல்ல கையெழுத்தப் போடு."

வியாழக்கிழமை கரீன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். டிசம்பர் ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தார். டெஸ்மண்ட் இப்போது மூன்று வாரத்துக்கு ஓர் ஊசிதான் போட்டுக்கொள்கிறார். மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை.