காந்தத்தின் இடது காது

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் உதவியாளருக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ, பதினோரு வருடமாக ஆஸ்பத்திரி முழுக்க அவர் 'காந்தம்'தான். உள்ளே போகிறவர்களிடம் ஒளிந்திருக்கும் சாவி, பெல்ட், ஊக்கு எல்லாவற்றையும் கறந்துவிடுவார். அவர் பிடுங்கிய ஊக்குகளை உருக்கினால் ஒரு கப்பல் கட்டலாம். மிச்சத்தில் நங்கூரமும் செய்யலாம்.

பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வதும் அவர்தான். "சத்தம் மட்டும்தான் சார். தலையை ஆட்டாதீங்க, அவ்வளவுதான்."

அன்று காலை, படம் எடுக்கும் டெக்னீசியன் பெண் அவரைக் கூப்பிட்டாள். உள்காதைப் படம் பிடிக்க மெஷினில் புது செட்டிங் போட்டிருந்தார்கள். நோயாளிகளின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குறையும் இல்லாத காதின் படம் வேண்டும்.

"அண்ணே, உங்களுக்குக் காதுல பிரச்சினை எதுவும் இல்லையே?"

"எனக்கா? பக்கத்துத் தெருவுல எறும்பு தும்முனா, நான் இங்கிருந்தே நூறு வயசுன்னு வாழ்த்துவேன்."

பச்சைப் பொய். மூன்று மாதமாக இடது காதில் பஞ்சை அடைத்தது போல இருந்தது. போனை வலது பக்கம் மாற்றிவிட்டார், மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அவர் அப்பாவுக்கும் இடது பக்கம்தான் ஆரம்பித்தது. ஐம்பது வயதில் இரண்டு காதும் போய்விட்டன. காந்தத்துக்கு இப்போது நாற்பத்தெட்டு. "பையில கத்திரிக்கோல் இருக்கு" என்று ஒருவர் முனகுவது காதில் விழாவிட்டால் போதும், கத்திரிக்கோல் பறந்துபோய் மெஷினில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவரை வாசலில் யார் நிறுத்துவார்கள்?

மறுக்கவும் வழியில்லை. எறும்பு தும்மியாகிவிட்டது.

படுத்தார். காதில் அடைப்பான், தலைக்கு மேல் கூண்டு. மேசை உள்ளே நகர்ந்ததும் ஆயிரம் கொல்லர்கள் மண்டைக்குள் பட்டறை போட்டார்கள். இடது பக்கம் சத்தம் குறைவாகக் கேட்கிறதோ? தன்னை அறியாமல் அந்தக் காதைக் கொஞ்சம் சாய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் கம்ப்யூட்டருக்கு ஓடினார். கறுப்புப் படத்தில் ஒரு பக்கம் உள்காது வெள்ளையாக, சின்ன நத்தை போலச் சுருண்டிருந்தது. மறுபக்கம், இடது காது இருக்க வேண்டிய இடத்தில், வெறும் இருட்டு. பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் படத்தை எட்டிப் பார்த்தவர். நத்தைகள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும்.

"மேடம், அந்தப் பக்கத்து நத்தை செத்துப்போச்சா?" "சொல்லிடுங்க. எங்கப்பாவுக்கும் இப்படித்தான்."

அவள் மவுஸை உருட்டினாள். இந்த நத்தை மறைந்தது, அந்த நத்தை எழுந்து வந்தது.

"தலையைச் சாய்ச்சிருக்கீங்கண்ணே. மெஷின் தலையை ரொட்டி மாதிரி துண்டு துண்டாத்தான் படம் எடுக்கும். கோணலா வெட்டுனதால ஒரு காது முதல்ல வருது, ஒண்ணு அப்புறமா வருது. ஊருக்கெல்லாம் ஆட்டாதேன்னு சொல்ற ஆளு!"

"இன்னொரு தடவை உருட்டுங்க."

ஆறு தடவை உருட்டினாள். இரண்டரைச் சுற்று நத்தை, பக்கத்தில் மூன்று வளையம், நூல் போல நரம்பு. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல. திடீரென்று அவள் கை நின்றது.

"அது சரி, அப்பாவுக்கு என்ன?"

காந்தம் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டினார்.

"அண்ணே, படத்துல அமைப்புதான் தெரியும். அது நல்லா இருக்கு. ஆனா கேக்குதா இல்லையான்னு படம் சொல்லாது. மேல காது டாக்டர்கிட்ட போங்க, இப்பவே."

"வேலை போயிடுமா?"

"வெறும் அழுக்காக்கூட இருக்கலாம். மூணு மாசம் வாயை மூடிட்டு இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் உங்களைத் தூக்கணும்!"

அரை மணி நேரத்தில், டாக்டர் காதைக் குடைந்து பார்த்துவிட்டு அனுப்பிய, கேட்கும் திறனைச் சோதிக்கும் கண்ணாடி அறைக்குள் காந்தம் உட்கார்ந்திருந்தார். இடது காதில் சத்தம் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. இன்னும் வரவில்லை. இதயம் அடிப்பதுதான் பறை மாதிரி கேட்டது.

பிறகு, ஏழு கடல் தாண்டி ஒரு கொசுக்குஞ்சு பாடியது. காந்தம் பொத்தானை அமுக்கினார். விரலை எடுக்கவே மறந்துவிட்டார்.