கிராம்பு முடியட்டும்

ஜான்சிபார் கடைத்தெருவில் போய் ஓதவ்ஜி யார் என்று கேட்டால் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கிராம்பு மோந்து பார்க்கிறவர் என்று சொன்னால் போதும், சின்னப்பிள்ளைகூட வழிகாட்டும். தர்ம்சி சேட்டின் கிட்டங்கியில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மணை உண்டு. அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே நரைத்துப்போன மனிதர். சேட்டுக்குச் சொந்தச் சித்தப்பா மகன்தான். ஆனால் பந்தியில் மட்டும் தம்பி, சம்பளம் என்று வந்தால் வேலைக்காரன். பணக்காரச் சொந்தம் வேறெப்படி இருக்கும்?

சேட், தோட்டம் வைத்திருக்கும் அரபிகளுக்கு மரத்தின்மேல் கடன் கொடுப்பார். மொட்டைப் பறித்துக் காயவைத்ததும் கடனுக்கு ஈடாகக் கிராம்பு கிட்டங்கிக்கு வந்து குவியும். அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து சீமை. நடுவில் ஓதவ்ஜி. ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கீழே கொண்டுபோவார்; ஈரச் சரக்கு என்றால் இடதுகையால் தள்ளிவிடுவார். அவரையும், அவரிடம் தொழில் பழகிய தாரியாவையும் விட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் ஊருக்குப் போவதென்றால் இரண்டு பேரில் ஒருவர்தான் போகலாம் என்று சேட் முறை வைத்திருந்தார். பாய்க்கப்பல்தானே, போனவர் அடுத்த வாடைக்காற்றில்தான் திரும்புவார்.

நம் பாட்டியா ஜாதியில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் கடல் தாண்டக்கூடாது. ஆம்பிளை இங்கே, பெண்டாட்டி கட்ச் தேசத்தில் மாண்ட்வியில். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஓதவ்ஜி தன் மனைவி மோங்கியோடு சேர்ந்து இருந்ததையெல்லாம் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. பிள்ளை இல்லை. அவள் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை, அவரும் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை. வருஷாவருஷம் கப்பலில் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் அனுப்புவாள். அவர் ஒரு சேலை அனுப்புவார். இதையும் குடித்தனம் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மா விஷயம் வேறு. கிழவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. போன வருஷம் வந்த கப்பல்காரன் ஜூமா, கண் முழுசாகப் போவதற்குள் என் பிள்ளையை ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டச் சொல்லு என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொன்னான். ஆறு வருஷமாக ஊர் பார்க்காத ஓதவ்ஜிக்கு இந்தச் சித்திரையில் முறை. தெற்குக் காற்று திரும்பியதும் கப்பலேற வேண்டியதுதான். அந்த நினைப்பிலேயே மனிதர் அந்த வருஷத்தை ஓட்டினார்.

வாடைக்காற்றில் ஜூமாவின் கப்பல் வந்து சேர்ந்தபோது கிட்டங்கியில் கால்வைக்க இடமில்லை. அவ்வளவு கிராம்பு. ஜூமா நேரே சேட்டின் அறைக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவன் ஓதவ்ஜி பக்கம் திரும்பாமலே தெருவில் இறங்கிவிட்டான். ஊறுகாய் ஜாடி வரவில்லை. மத்தியானம் சமையல்கார மகராஜ் கேட்காமலே ரொட்டியில் நெய்யை ஊற்றினான். ஊற்றுகிற ஜாதி இல்லை அவன், கரண்டியை நக்கிவிட்டுக் கழுவுகிறவன். தாரியாவோ எடுத்ததற்கெல்லாம் அண்ணன் முறையில் பாய் போட்டு, நீங்கள் உட்காருங்கள் பாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓடினான்.

ஓதவ்ஜிக்கு விளங்கிவிட்டது. ஊரில் சாவு.

விளங்காமல் என்ன? சாவுச்செய்தியை உரியவன் காதால் கேட்ட நிமிஷத்திலிருந்துதான் தீட்டு, மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலும் கணக்கில்லை. கேட்டவன் தலைமுழுகிவிட்டுப் பத்து நாள் ஒதுங்கி இருக்கவேண்டும். பங்காளி என்பதால் அப்போதே சேட்டுக்கும் தீட்டு. கிட்டங்கியையே இழுத்து மூடவேண்டியதுதான். கிராம்புக் காலத்தில் பத்து நாள் கதவடைத்தால் எதிர்க்கடைக்காரன் அத்தனை சரக்கையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். அதற்காக நம்மவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கிராம்பு முடிகிறவரைக்கும் யாரும் வாயைத் திறப்பதில்லை. கடைசி மூட்டை ஏறியதும் ஆளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். சாஸ்திரமும் கெடவில்லை, வியாபாரமும் கெடவில்லை, எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்! இப்படி எத்தனையோ பேருக்காக ஓதவ்ஜியே வாயை மூடிக்கொண்டு நெய் பரிமாறியிருக்கிறார்.

அம்மா போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார். துக்க வீட்டில் அந்த வருஷம் ஊறுகாய் போடமாட்டார்கள், அதுதான் ஜாடி வரவில்லை. வாராவாரம் சவரத்துக்கு வருகிற நாவிதர் பேச்சர் அந்த எண்ணத்துக்கு முத்திரை வைத்தார்.

"இந்தத் தடவை தலையில கைவைக்க வேணாம் பாய். கொஞ்சம் வளரட்டும்."

மொட்டையடிக்கத்தான் வளர்க்கச் சொல்கிறார் என்பது புரிந்தது. தாய் தகப்பனுக்குத்தானே மொட்டை. ஓதவ்ஜி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

வாயைத் திறந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. கேட்டால் கதவடைக்கவேண்டும், சேட் முகத்தைப் பார்க்கவேண்டும், யார் அந்த வம்பை விலைக்கு வாங்குவது? அழுகை வரும் வரும் என்று சில நாள் எதிர்பார்த்தார். வரவில்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. சாப்பிட்டார், தூங்கினார், கிராம்பை மோந்து பார்த்தார். அது அதே வாசனையாகத்தான் இருந்தது. பெற்றவள் செத்தும் மூக்கு இப்படி ஒழுங்காக வேலை செய்கிறதே என்று தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. அதுவும் இரண்டு நாளில் அடங்கிவிட்டது.

அந்த மரத்த மனசோடுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். தாரியா கல்யாணமான ஒரே மாதத்தில் பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தவன். கிட்டங்கி மாடத்தில் கண்ணன் படத்துக்குக் காலைப் பூஜை நடந்துகொண்டிருந்தது. ஓதவ்ஜி பக்கத்தில் நின்ற தாரியாவைக் காட்டிச் சேட்டின் பக்கம் திரும்பினார்.

"சேட், இந்த வருஷம் என் முறைய இவனுக்குக் குடுத்துடறேன். சின்னஞ்சிறுசு, போயிட்டு வரட்டும். எனக்கு அங்க போய் ஆகவேண்டியது ஒண்ணுமில்ல."

மகராஜ் மணியடிப்பதை நிறுத்திவிட்டான். சேட் கையை அமர்த்திக் காட்டினார்.

"அவசரப்படாத. கிராம்பு முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"முடிஞ்சா என்ன சேட், முடியாட்டி என்ன."

படத்தின் காலடியிலிருந்து ஒரு துளசி இலையை எடுத்துத் தாரியாவின் உள்ளங்கையில் வைத்து அதன்மேல் தண்ணீர் விட்டார். சாமி முன்னால் தாரை வார்த்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. மோங்கியின் நினைப்பு அப்போது வராமல் இல்லை. அம்மாவுக்கு அப்புறம் அவள் தன் அண்ணன் வீட்டோடு போய் இருந்துகொள்வாள். இத்தனை வருஷம் ஒன்றும் கேட்காதவள் இனி என்ன கேட்டுவிடப்போகிறாள் என்று தள்ளிவிட்டார். செத்தது யார் என்று தாரியாவுக்குத் தெரியும். தெரிந்தும் விரல்களை மூடிக்கொண்டான். மாண்ட்வியில் அவனுக்காக ஒருத்தி காத்திருந்தாள், அவனை என்ன சொல்வது?

கடைசி மூட்டை ஏறிய மறுநாள் காலையில் சேட் ஓதவ்ஜியைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். மகராஜ் செப்புக்குடத்தோடு வந்தான், பேச்சர் கத்தியோடு வந்தார். ஓதவ்ஜி யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து பேச்சருக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"முதல்ல சேதியக் கேளு," என்றார் சேட். "உன் வீட்டுக்காரி போயிட்டா ஓதவ்ஜி. வைகாசியிலயே. மூணு நாள் காய்ச்சலாம்."

ஓதவ்ஜி நிமிர்ந்தார்.

"அம்மா?"

"அம்மாவுக்கு என்ன? இருக்காங்க. கண்ணுதான் சுத்தமாப் போயிடுச்சாம். பக்கத்து வீட்டுல ரொட்டி குடுக்கறாங்களாம். சித்திரையில பிள்ளை வர்றான்னு வாசல்லயே உக்காந்திருக்காங்கன்னு ஜூமா சொன்னான்."

பேச்சர் விரித்த கத்தியை மடக்கினார். அடுப்பங்கரைப் பேச்சை அரைகுறையாகக் காதில் வாங்கியவர், அவரும் இதுவரை கிழவி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்க அவரால் முடியவில்லை.

மகராஜ் தண்ணீரை ஊற்றினான். குளிர்ந்தது, அவ்வளவுதான் ஓதவ்ஜிக்குத் தெரிந்தது. மோங்கியின் முகத்தை நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினார். முகம் வரவில்லை, மூக்குவரைக்கும் இழுத்துவிட்ட முந்தானைதான் வந்தது. இருபது வருஷத்துப் பெண்டாட்டிக்கு அழுவதற்கு அவரிடம் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. அது அவருக்கு வலித்தது. அழுகையாக மட்டும் வரவில்லை.

அன்றைக்கு மாடத்தின் முன்னால் சேட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன முழுகிப்போயிருக்கும்? பத்து நாள் கிராம்பு. சேட்டுக்கும் உறுத்தியிருக்கும்போல. பத்தாம் நாள், அடுத்த தடவை உன்னை முதல் கப்பலிலேயே அனுப்புகிறேன் என்றார். எண்பதைத் தொட்ட கிழவிக்கு அடுத்த தடவை என்று ஒன்று உண்டா என்று ஓதவ்ஜி கேட்கவில்லை. மணையில் போய் உட்கார்ந்தார். கப்பல் புறப்படுகிற நாள்வரைக்கும் தாரியா அவர் கண்ணில் படாமல் மூட்டைகளுக்குப் பின்னாலேயே நடமாடினான்.

தெற்குக் காற்று திரும்பியது. படகுத்துறையில் தாரியா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவர் காலைத் தொட்டான். தலையை நிமிர்த்தாமலே பேசினான்.

"நீங்களே போங்க பாய். நான் இருந்துக்கறேன்."

"குடுத்தது குடுத்ததுதான். எந்திரி," என்றார் ஓதவ்ஜி. "எனக்கு ஒரு காரியம் செய்வியா?"

"சொல்லுங்க."

"ஊருக்குப் போனதும் எங்க அம்மாகிட்ட போ. பக்கத்துல உக்காந்து, நான்தாம்மா ஓதவ்ஜி, வந்துட்டேன்னு சொல்லு."

தாரியா அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"குரல்ல கண்டுபிடிச்சிட மாட்டாங்களா பாய்?"

"ஆறு வருஷமா கேக்காத குரல். அவளுக்கு வேண்டியது பிள்ளை வந்துட்டான்ங்கறதுதான். கையால முகத்தத் தடவிப் பாப்பா, தடவட்டும், விடு. இப்படி இளைச்சுட்டியேடான்னு கேப்பா. ஆமாம்மான்னு சொல்லிடு."

தாரியா சரி என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினான்.