ஜலஜாவின் கரண்டி

ஜலஜா வீட்டில் ‘போதும்’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. தட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாலும் முதுகில் ரசம் ஊற்றுவாள் என்று அவள் கணவர் வேதாந்தம் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். டில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அவர்களுக்கு எதிர்வீடு நாங்கள். வாரம் ஒரு நாளாவது மாட்டிக்கொள்வேன்.

“வேணுமான்னு கேட்டா யார் மாமி வேணும்பா? போட்டுட வேண்டியதுதான்” என்பாள்.

அவள் மகன் ஸ்ரீவத்ஸனுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார்கள். தொண்ணூற்றெட்டில் எங்கள் பிளாக்கில் யார் அதைக் கேள்விப்பட்டார்கள்? மாடி வீட்டுக்காரி நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னாள். ஜலஜா காதில் போட்டுக்கொள்ளாமல் பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். ஒரு நாள் துணைக்கு நானும் போனேன்.

பயிற்சி கொடுத்த சுஷ்மா, கரோல் பாக்கில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

“ஜலஜாஜி, பேச்சு வராததுக்கு நீங்க காரணமில்ல. ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் குடுத்துட்டா அவன் எப்பப் பேசுவான்? வார்த்தையைச் சொல்லிக் காமிச்சுட்டு வெயிட் பண்ணுங்க. அவன் என்ன சொன்னாலும் அது ஜல்தி நடக்கணும். அச்சா?”

அன்றிலிருந்து, “தயிர் வேணும்” என்று சொல்லிவிட்டுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். பாவம், அவளுக்கு அது தவம். அவன் ஜன்னலைப் பார்ப்பான், தட்டைத் தட்டுவான். தட்டினால் தயிர் விழும். சொல் மட்டும் வரவில்லை. மழை முடிந்து குளிரும் வந்துவிட்டது.

“ஒரே ஒரு வார்த்தை மாமி. எதுவா இருந்தாலும் சரி” என்று என்னிடம் அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கவனிக்கிற மும்முரத்தில் ஜலஜா பாடத்தை மறந்துவிட்டாள். எனக்குத் தயிர்சாதம் போட்ட வேகத்தில் பக்கத்திலிருந்த பிள்ளைக்கும் ஒரு கரண்டி போட்டாள், இன்னொன்றும் போட்டாள். மூன்றாவது வரும்போது ஸ்ரீவத்ஸன் இரண்டு கையையும் தட்டின் மேல் விரித்தான்.

“போதும்” என்றான்.

தெளிவாக, கொஞ்சம் எரிச்சலோடு. அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்ன சொல் அவன் காதில் ஏறியிருந்தது.

ஜலஜாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. இன்னொரு கரண்டி போட்டால் இன்னொரு தரம் கேட்கலாம். ஆனால் அவன் சொன்னது நடக்க வேண்டுமே. யார் சொல்லியும் நிற்காத அந்தக் கரண்டி அன்றைக்கு அந்தரத்தில் நின்றது.

பிறகு மெதுவாகத் திரும்பி என் தட்டில் கவிழ்ந்தது. நான் போதும் என்று சொல்லவில்லை.