இடுப்பில் கட்டியது

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வகுப்பில்கூடக் கதிரையில் உட்கார்ந்து பாடம் நடத்தியதில்லை. என் கணவர் மேசன். சாய்ந்தமருதில் ஒரு மாடி வீட்டுக்குப் பீம் கட்டும்போது பலகை சறுக்கிக் கீழே விழுந்தார். தொப்புளுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒருவர் அசையாமல் கிடந்தார், நான் ஒரு நிமிடம் நிற்காமல் சுற்றினேன்.

நான் விஞ்ஞான ஆசிரியை. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கற்றையை, முண்ணாணை, இருபது வருடமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அது நைந்தால் திரும்ப வளராது என்று சொல்லிக் கொடுத்து, பரீட்சையிலும் கேட்டு, பிழையாக எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளியும் வெட்டியிருக்கிறேன். அந்த வசனம் ஒருநாள் என் வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

பத்தாவது மாதம் கணவரின் தம்பி ஓடிவந்தான். வாடகைக்கு வேன் ஓட்டுகிறவன். எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பொடியன். அண்ணனைக் காக்கா என்றும் என்னை மச்சி என்றும் கூப்பிடுவான்.

"மச்சி, இந்தியாவில இருந்து ஒரு டொக்டர் கொழும்புக்கு வாறாராம். முள்ளந்தண்டு அடிபட்ட ஆக்களுக்குக் கலத்தால வைத்தியம் செய்றாராம்."

தொலைபேசியில் அந்த வைத்தியரைப் பிடித்தேன். இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து உள்ளே இருக்கும் மச்சையை எடுத்து, அதிலுள்ள கலங்களை, அதாவது செல்களை, வளர்த்து, முண்ணாணைச் சுற்றியுள்ள நீருக்குள் ஊசியால் விடுவார்களாம். அந்தக் கலங்கள் புது நரம்பாக மாறுவதில்லை. அவை சுரக்கிற பொருட்கள் வீக்கத்தைக் குறைத்து, மிஞ்சியிருக்கும் நரம்புகளுக்குக் கை கொடுக்கலாம். அவ்வளவுதான்.

"இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற வைத்தியம்மா இது. நடப்பார்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் வைத்தியர். அவர் ஒளித்துப் பேசாதது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நிபந்தனைகள் சொன்னார். விபத்து நடந்து ஒரு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. உடம்பில் எங்கும் புண்ணோ கிருமித் தொற்றோ இருக்கக் கூடாது.

கணவரிடம் சொன்னேன். கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நடக்கிறதெல்லாம் வேணாம். ஒண்டுக்கு வருதெண்டு எனக்குத் தெரிஞ்சாக் காணும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைவே இல்லை.

புண் விஷயத்தில் எனக்குப் பயமில்லை. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் செத்துப் புண் வைக்கும். அதனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அலாரம் வைத்து அவரைப் புரட்டினேன். தினமும் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் சோதித்தேன். பத்து மாதத்தில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி மற்ற வீடுகளில் என்னை உதாரணம் காட்டினார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. ஊசி பலிக்காமல் போனால்? அந்த ஒரு எண்ணம் என்னை அரித்துத் தின்றது.

முன்பு மாமி ஒரு போத்தலில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தபோது கணவர் வாங்க மறுத்துவிட்டார். "அல்லாஹ்ட்ட நேரா கேளுங்க உம்மா. நடுவுல போத்தல் எதுக்கு?" தாயத்துக் கட்டுவது அல்லாஹ்வுக்கு இணைவைத்தல், மன்னிப்பில்லாத பாவம் என்று உறுதியாக நம்புகிறவர் அவர். நானும் சும்மா இருக்கவில்லை. "நம்மட கிணத்துத் தண்ணிக்கும் இதுக்கும் என்ன மாமி வித்தியாசம்?" என்று கேட்டு அந்தப் பெண்ணின் முகத்தைச் சுருங்க வைத்தேன்.

அப்படிக் கேட்ட வாய், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மேலதிக வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு, தெற்கே ஓர் ஊரில் ஓதிப் பார்க்கிற ஒருவரின் வாசலில் போய் நின்றது. சுண்டுவிரல் நுனியளவு வெள்ளிக் கூடு. உள்ளே சுருட்டிய தாள். கறுப்புக் கயிறு. "இடுப்பில கட்டுங்க மகள்" என்றார்.

மறுநாள் உடம்பு துடைக்கும்போது அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கட்டினேன். பம்பர்ஸ் விளிம்புக்குள் கயிறு மறைந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்து ஏதோ கதைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிய வழியே இல்லை. அது தெரிந்துதான் கட்டினேன். சாரனை இழுத்து மூடினேன். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கூட்டை வயிற்றுப் பக்கமாக நகர்த்தி வைப்பேன்.

கொழும்புக்கு விடியப்புறம் சுபஹு தொழுதவுடன் புறப்பட்டோம். வேனின் பின் ஆசனங்களைக் கழற்றி மெத்தை போட்டிருந்தான் தம்பி. மகியங்கனையில் வேகத்தைக் குறைத்தான்.

"நிப்பாட்டவா மச்சி? காக்காவப் புரட்டணுமே."

"வேணாம், ஓட்டு. நாலு மணிக்கு டொக்டர்."

கண்டி தாண்டியும் கேட்டான். "ஒருக்காப் புரட்டாட்டி ஒண்டும் ஆகாது, ஓட்டுடா" என்று எரிந்து விழுந்தேன். மடியில் அறிக்கைக் கட்டு, கண் முழுக்க மணிக்கூட்டில். மூன்றரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மச்சை எடுக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். சிங்களத் தாதி ஒருவர் சாரனை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது. வேன் குலுக்கலில் கூடு பின்னால் நழுவி, அவருடைய பாரமெல்லாம் அதன்மேல் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் அழுந்தியிருக்கிறது. மச்சை எடுக்க வேண்டிய அதே எலும்பின்மேல் தோல் கறுத்துப் பிளந்து, வெள்ளிக் கூடு சதைக்குள் புதைந்து கிடந்தது. தாதி என்னைப் பார்த்தார். கயிற்றை வெட்டி, கூட்டைப் பஞ்சில் சுற்றி என் கையில் வைத்தார். நான் கைப்பையில் போட்டேன்.

வைத்தியர் வந்து குனிந்து பார்த்தார். "இங்க புண் இருக்கேம்மா."

"மற்றப் பக்கத்துல எடுக்கேலாதா டொக்டர்?"

"புண்ணோட எந்தப் பக்கமும் தொட மாட்டோம். கிருமி தண்டுவடத்துக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. ஆறின பிறகு வாங்க."

ஒரு வருடம் முடிய இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. அப்படிப்பட்ட புண் பதினேழு நாளில் ஆறுமா? வைத்தியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுவரைப் பார்த்தபடியே கணவர், "வேன்ல வந்ததால போல" என்றார். நான் கைப்பையை இழுத்து மூடினேன்.

பதினேழு நாளும் போனது. புண் ஆறவில்லை. தம்பி தினமும் பின்னேரம் அஸருக்குப் பிறகு வந்து கட்டிலடியில் உட்காருவான். "நான் கேட்டுக்கிட்டு இருந்திரிக்கப் படாது காக்கா. நிப்பாட்டியிரிக்கணும். என்னாலதான் எல்லாம்." வேன் ஓட்டப் போவதையும் விட்டுவிட்டான். காக்காதான் படுத்த படுக்கையிலிருந்து அவனைத் தேற்றினார். நான் குசினிக்கும் அறைக்குமாக நடந்தேன். எங்கே நின்றாலும் அவனுடைய அழுகை கேட்டது.

ஒருநாள் மத்தியானம் லுஹருக்குப் பிறகு புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். எங்கே போனேன், எப்படிக் கட்டினேன், எல்லாம்.

சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எத்தின நாள் இருந்த அது?" என்றார்.

"நாப்பது நாள்."

"நாப்பது நாளும் அதோடயா நான் தொழுத?"

ஊசிக்காகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஊசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"கால் போனது அல்லாஹ்ட நாட்டம். அதுக்கு நான் ஆரையும் குத்தம் சொல்லல்ல. இது நீ செஞ்ச." கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "எனக்குத் தெரியாத இடமெண்டுதானே அங்க கட்டின?"

"ஓம்" என்றேன்.

"தம்பிக்குக் கோல் எடு. நீயே சொல்லு."

சொன்னேன். தம்பி போனை வைத்துவிட்டான். அடுத்த வாரம் வேலைக்குப் போனான் என்று மாமி சொன்னார்.

இப்போதும் நான்தான் அவரைப் புரட்டுகிறேன், துடைக்கிறேன், உடுப்பாட்டுகிறேன். முன்பைப் போலவே என்னோடு கதைக்கிறார், சிரிக்கிறார்கூட. ஆனால் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும், தக்பீர் கட்டுவதற்கு முன்னால், சாரனுக்குள் கையை விட்டு இடுப்பைச் சுற்றி ஒருமுறை தடவிப் பார்க்கிறார். அவர் கையை எடுக்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.