லினக்ஸும் இருபத்தைந்தாவது நிமிடமும்

போன சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் இல்லை. பழையதை நான் அழித்துவிட்டேன். புதியது ஏற மறுத்தது. மாலை நான்கு மணிக்கு அதே கம்ப்யூட்டரில் என் மனைவி ராஜிக்கு வகுப்பு!

மூன்று வாரம் முன்பு இதே பக்கத்தில் நான் மார்தட்டியது ஞாபகம் இருக்கிறதா? 'லினக்ஸ் போட இன்ஜினியர் எதற்கு, நான் போதாதா?' என்று எழுதியிருந்தேன். வேண்டாம் சார், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களில் பலர் எழுதினீர்கள். கேட்டேனா?

வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜி இங்கே குன்னூர்ப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ஆன்லைனில் கம்பளி பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். மாணவிகள் எல்லாம் சென்னை, மதுரை, திருநெல்வேலி. அந்த வெயிலில் ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போட்டுவிடப் போகிறார்கள்? "அது உங்களுக்கெதுக்குங்க?" என்பாள் ராஜி.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மழை ஆரம்பித்ததும் ஒரு தொல்லை தொடங்கியது. வகுப்பு நடக்கும்போதே கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும். ராஜி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வகுப்புகள் இப்படிப் பாதியில் நின்றன. திருநெல்வேலி மாணவி ஒருவர் ரொம்ப மரியாதையாக, "மேடம், இத வேற யாராச்சும் சொல்லித் தாராங்களா?" என்று கேட்டுவிட்டார்.

ராஜி அன்று இரவு சாப்பிடவில்லை. "ஏனுங்க, முப்பது வருஷத்துல ஒரு நாள் ஷிஃப்டுக்கு லேட்டாப் போனதில்லீங்க நான். இன்னொருக்கா பாதியில நின்னுச்சுன்னா கிளாஸையே விட்டுடறேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். வகுப்பு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவள் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தைப் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறவன் நான்.

போனில் நடத்தக் கூடாதா என்று கேட்பீர்கள். ஒன்பது பேர் பின்னுவதையும் பெரிய திரையில் பார்த்தால்தான், யார் எந்தக் கண்ணியை விட்டார் என்று அவளால் பிடிக்க முடியும். போனில் ஒன்பது பேரும் கடுகு அளவுக்குத்தான் தெரிவார்கள்.

கம்ப்யூட்டர் கேபினட்டைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் வைத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள கடைக்குக் கொண்டு போனேன். அங்கே மூன்று மணி நேரம் அணையாமல் ஓடியது! கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"மிஷின் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதுல இருக்கிறது விண்டோஸ் பத்து. அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் நின்னுடுச்சு. பதினொண்ணு போடலாம்னா இந்த ப்ராசஸருக்கு ஏறாதுங்க. புதுசு எடுத்துக்கங்களேன்."

நன்றாக இருக்கும் மெஷினைத் தூக்கிப் போடுவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிஸ்டம்தான் கோளாறு, ஆகவே சிஸ்டத்தையே மாற்றுவோம்... லினக்ஸ்! இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். சேரம்பாடியிலிருந்து ஒரு வாசகர் நல்ல யோசனை எழுதியிருந்தார். 'முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். கேமரா, மைக், தமிழ் டைப்பிங் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் உள்ளே ஏற்றுங்கள்.' பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். கேமரா வேலை செய்தது. மைக் வேலை செய்தது. தமிழில் 'ராஜி' என்று அடித்தேன், வந்தது. வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை காலை பத்து மணி. ராஜியின் டிசைன்களும் என் கட்டுரைகளும் வேறொரு டிரைவில் பத்திரம். கேபினட் போட்டிருந்த ஸ்வெட்டரின் முன்பக்கப் பட்டனைக் கழற்றி, பென் டிரைவைச் செருகினேன்.

ஆமாம், ஸ்வெட்டர்தான். சமவெளி வாசகர்கள் சிரிக்கக் கூடாது. எங்கள் ஊரில் மழை பிடித்தால் பீரோவுக்குள் இருக்கும் செருப்பிலும் பூஞ்சை பூக்கும். எங்கள் வீட்டில் டீ கெட்டிலுக்கு உறை உண்டு, ரேடியோவுக்கு உறை உண்டு. கம்ப்யூட்டருக்கும் ஒன்று போட்டுவிடேன் என்று மழைக்கு முன்னாடி நான்தான் ராஜியிடம் கேட்டேன். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டு, பென் டிரைவ் செருக முன்னால் ஒரு திறப்பும் வைத்து, அழகாகப் பின்னிக் கொடுத்தாள்.

'பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு நிறுவவா?' என்று லினக்ஸ் கேட்டது. அழி! என்று ஒரு தட்டு தட்டினேன்.

நாற்பத்தைந்து சதவீதம்... ஐம்பது... பொசுக்! திரை கறுப்பு.

கரண்ட் போய்விட்டதா? தலைக்கு மேல் லைட் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. யுபிஎஸ்ஸிலும் பச்சை விளக்கு. சரி, நெட்டிலிருந்து அப்டேட்டை இழுக்கும்போது ஏதோ தடுக்கியிருக்கும் என்று முடிவு கட்டினேன். உப்புமா சாப்பிட்டுவிட்டு வந்து, நெட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை நல்ல வேகம். எழுபது... எண்பது... எண்பத்தெட்டு... பொசுக்!

மணி பன்னிரண்டு. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ராஜி நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

தொழிற்சாலையில் அவள் வேலையே மீட்டரைப் பார்த்து மணிக்கு மணி ரெஜிஸ்டரில் எழுதுவதுதான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. குக்கர் வைத்தாலும் நேரம் எழுதுவாள். அன்றைக்கும் எழுதியிருந்தாள்.

"மொதல்ல பத்து அஞ்சுக்கு ஆரம்பிச்சீங்க, பத்து முப்பதுக்கு நின்னுச்சு. அப்பறம் பதினொண்ணு முப்பத்தஞ்சு, நின்னது பன்னெண்டு."

"சரி, அதனாலென்ன?"

"பர்சென்டேஜ் ஒருக்கா அம்பது, ஒருக்கா எம்பத்தெட்டு. நிமிஷம் மட்டும் ரெண்டு தடவையும் இருவத்தஞ்சு. சாஃப்ட்வேர் கோளாறுன்னா ஒரே எடத்துலயல்லோ நிக்கணும்? இது எடம் பாத்து நிக்கலீங்க, நேரம் பாத்து நிக்குது. நேரம் ஆக ஆக ஏறுறது என்னங்க? சூடுதான்!"

எழுந்து போய் ஸ்வெட்டருக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள். "அய்யோ... இட்லி குண்டானாட்ட கொதிக்குது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் மூன்று மணி நேரம் ஓடியதே, அங்கே அது ஸ்வெட்டர் போட்டிருந்ததா? மழையோடு சேர்ந்து தொல்லை ஆரம்பித்ததே, ஸ்வெட்டர் வந்ததும் மழையோடு சேர்ந்துதானே! காற்றுப் போகும் ஓட்டைகளை எல்லாம் கம்பளியால் மூடிவிட்டு, இத்தனை நாளும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பின்னும்போதே கேட்டேனுங்க, இதுக்குக் காத்து வேண்டாமான்னு. கம்ப்யூட்டருக்கு என்ன மூச்சா முட்டப் போகுதுன்னீங்க" என்றாள் ராஜி. கேட்டாள்தான். சொன்னேன்தான்.

பிறகு நடந்ததெல்லாம் அவள் தலைமையில். ஸ்வெட்டர் கழன்றது. பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே இருந்த தூசியைத் தட்டினோம். ஜன்னலைத் திறந்ததும் பனிமூட்டம் நேராக அறைக்குள் வந்தது. "ஈரம் உள்ளே போயிடும்" என்று வாயைத் திறந்தவன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பாதி மட்டும் திறந்து வைத்தாள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஒன்று பத்துக்கு மூன்றாவது முறை ஆரம்பித்தேன்.

இருபது நிமிடம்... இருபத்திரண்டு... இருவரும் திரையைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தோம். இருபத்தைந்து. ஓடுகிறது! இருபத்தாறு. ஓடுகிறது! முப்பதாவது நிமிடம், 'நிறுவல் முடிந்தது' என்று வந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். ராஜி மட்டும் அமைதியாக நோட்டில் 'ஒன்று நாற்பது, முடிந்தது' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.

நான்கு மணிக்கு ஒன்பது முகங்களும் திரையில் வந்தன. அந்தத் திருநெல்வேலி மாணவியும் இருந்தார். ஒரு மணி நேர வகுப்பு ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஒரு முறைகூட நிற்கவில்லை. கடைசியில் அதே மாணவி, "மேடம், அடுத்த பேட்சுலயும் எம்பேரச் சேத்துக்கிடுங்க" என்றார். பக்கத்து அறையில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு பெருமை.

அப்படியானால் ஸ்வெட்டரை மட்டும் கழற்றியிருந்தால் பழைய சிஸ்டமே ஓடியிருக்குமே என்கிறீர்களா? ஓடியிருக்கும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் எத்தனை நாளைக்கு? எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் நான் இதை இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தயவுசெய்து காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

எதை மேம்படுத்துவதென்றாலும், அதற்கு முன்னால் ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள். பாதிக் கோளாறு வெளியே, நாமே ஆசையாகப் போர்த்திவிட்டதாக இருக்கும்.

இதை லினக்ஸில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ராஜி அந்த நீல ஸ்வெட்டரைப் பிரித்து எனக்குக் குல்லா பின்னிக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"உங்க தலைக்குள்ளதானுங்க சூடாகற அளவுக்கு ஒண்ணும் ஓடறதில்லை!"