கோழி வியாபாரி சொன்ன பதில்

மஹய்யாவையில் நாங்கள் முதன்முதலாகக் கோழி வளர்த்த வருஷம், எங்கள் சேவல் மூன்று வயது மகள் மேல் பாய்ந்து, கண்ணுக்குக் கீழே கால்முள்ளால் கீறிவிட்டது. குழந்தை முற்றத்துக்கு வரவே நடுங்கினாள். ஆனாலும் சேவலை விற்கத் துணியவில்லை. அது இல்லாவிட்டால் கோழிகள் முட்டையிடாது என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் வத்தேகமவிலிருந்து வீடு வீடாகக் கோழி வாங்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி வந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர்; அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவோம். கூடைக்குள் கைவிடுமுன், உள்ளே இருக்கும் கோழிகள் மிரளாதபடி விரலால் மெதுவாகத் தட்டுவார்.

"நானா, சேவல் இல்லாம முட்டை கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும் அம்மா. குஞ்சுதான் பொரிக்காது."

"மகளக் கீறிடுச்சு. அதட்டி வளர்த்தா அடங்காதா?"

"உங்களுக்கு அடங்கும். புள்ளைக்கு அடங்காது."

அவர் முகத்தை என் பக்கம் முழுதாகத் திருப்பினார். இடக்கண் இருந்த இடத்தில் வெறும் குழி.

"எனக்கு அப்ப நாலு வயசு. முதல்ல ஒருக்கா கன்னத்துல கீறிச்சு. நல்ல சேவல்னு வாப்பா வெச்சிக்கிட்டாங்க."

நான் உடனே சேவலைப் பிடித்துக் கொடுத்தேன்.

"அறுத்துடுவீங்களா?"

"இல்ல. புள்ளைங்க இல்லாத வீடாப் பார்த்துக் குடுப்பேன். சேவலுக்கு என்னம்மா தெரியும்?"

அதைக் கக்கத்தில் அணைத்து, கழுத்தை வருடியபடியே இறங்கிப் போனார். அந்தக் கைக்கு அவ்வளவு பரிவு எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.