தீர்த்தம் குடித்த பன்னம்

பன்னம் என்னும் பெரணிச்செடியை வளர்ப்பதைப் பற்றி இன்று யார் கேட்டாலும் முழு நடைமுறையையும் ஒப்புவிப்பேன். நேர்வெயில் ஆகாது, காற்று ஆகாது, மண் காயக்கூடாது, உப்புத் தண்ணீர் அறவே கூடாது. வெயிலும் காற்றும் உப்பும் மட்டுமே தாராளமாகக் கிடைக்கும் மன்னாரில் அதை வளர்க்க அறிவு வேண்டும், அல்லது பிடிவாதம் வேண்டும். என் சின்னம்மாவிடம் இரண்டும் இருந்தன.

நுவரெலியாவில் படிப்பித்துவிட்டு மாற்றலாகி வந்தபோது அந்தத் தொட்டியையும் கொண்டுவந்தார். கறுத்த மயிர்போன்ற காம்புகள், குட்டி விசிறிகளாய் இலைகள். குளியலறை யன்னலின் கீழ் வைத்து, சைக்கிளில் வரும் குடிதண்ணீரையே அதற்கும் ஊற்றினார். அவருக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. தன் கையால் வளர்த்த பன்னத்தைச் செண்டில் பிடித்தே பீடத்துக்குப் போவதாகச் சின்னம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அவரும் அம்மாவும் மடுத் திருவிழாவுக்குப் போனார்கள். பன்னம் என் பொறுப்பு. இரண்டாம் நாள் ஓர் இலை சோர்ந்தது. பூசைக்கு உதவுகிறவன் என்ற முறையில் நான் வீட்டிலிருந்த தீர்த்தப் போத்தலை முழுதாக ஊற்றினேன். பலனில்லை. கோயிலில் இன்னொரு போத்தல் நிரப்பி வந்தேன். பங்குச் சுவாமியார் உப்பை மந்திரித்துத் தீர்த்தத்தில் போடும்போது பக்கத்தில் நிற்பவனே நான்தான்.

அவர்கள் திரும்பியபோது தொட்டியில் சருகு மட்டுமே இருந்தது.

"என்னடா ஊத்தினனி?" என்றார் அம்மா.

"தீர்த்தம்."

"சாகக் கிடக்கிறவைக்குப் பூசுற அவஸ்தையும் பூசியிருக்கலாமே," என்றார் அப்பா.

சின்னம்மா மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். "அவனை ஏசாதேங்கோ அக்கா. வேர் சாகேல்ல."

மாப்பிள்ளையின் தாய் வந்தார். "வேற செண்டு பிடிச்சால் என்ன பிள்ளை?"

"மாதாவுக்கு வைச்ச நேர்த்தியை மாத்தச் சொல்லுறியளோ மாமி? பன்னம் தழைக்கட்டும், பிறகு வைப்பம்."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாதங்கள் கழிந்தன. மாப்பிள்ளை பக்கத்து ஊரான தாழ்வுபாட்டில் வேறு பெண்ணைக் கட்டினார். ஒரு கலியாணத்தைக் கெடுத்த பாவத்தை நான் மூன்று முறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

அந்த மாதங்களில் தினமும் காலையில், பள்ளிக்கூடம் போகச் சேலை உடுத்த பிறகு, சின்னம்மா தொட்டியருகே குந்துவார். சுருண்டு தலைகாட்டும் பச்சைத் தளிர்களை நகம் வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக, பாட்டொன்றை முணுமுணுத்தபடி நறுக்குவார். நான் தண்ணீர் வாளியுடன் பக்கத்தில் நிற்பேன். இவ்வளவு பராமரித்தும் வளரமாட்டேன் என்கிறதே என்று எனக்கு அந்தப் பன்னத்தின் மேல்தான் கோபம் வந்தது.